எட்டாம் கிரேடு முடிந்த பிறகு: பியானோ கலைஞர்களுக்குப் பரிசும் பெயரும் வரும் வழிகள்

காட்பாடி காந்தி நகரில் ஒரு வீட்டு மாடியில் நடக்கும் கீபோர்டு வகுப்பின் சுவரில் காலண்டர் மாட்டக்கூட இடமில்லை. அவ்வளவு சான்றிதழ்கள் சட்டம் போட்டுத் தொங்குகின்றன. அநேகமாக எல்லாமே லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் கிரேடு தேர்வுகளுக்கானவை. 100க்கு 60 எடுத்தால் தேர்ச்சி, 75 எடுத்தால் மெரிட், 87 எடுத்தால் டிஸ்டிங்ஷன். சில வாரங்களுக்கு முன், மகனுடைய ஏழாம் கிரேடு சான்றிதழை வாங்க வந்திருந்த ஒரு தந்தை அதைக் கையில் வைத்துக்கொண்டே மாஸ்டரிடம் கேட்டார்: “எட்டும் முடிச்சிட்டா அடுத்தது என்ன சார்? உலக அளவுல இதுக்கு என்ன அவார்டு இருக்குது?” மாஸ்டர் சிரித்து மழுப்பிவிட்டார். ஆனால் கேள்வி நியாயமானது, அதற்கான பதிலோ ஒரு வரியில் அடங்காதது.

கிரேடு தேர்வு என்பது ஒரு கோடு. அதைத் தாண்டுகிறவர் எத்தனை பேராயிருந்தாலும் அத்தனை பேரும் தேறியவர்களே. வேலூரிலிருந்து போன பத்துப் பேரும் டிஸ்டிங்ஷன் வாங்கலாம், யாருக்கும் நஷ்டமில்லை. சர்வதேசப் பியானோ போட்டி அப்படிப்பட்டதல்ல. அங்கே ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்கியாக வேண்டும். தேர்வில் பழகிய மனம் போட்டியையும் பெரிய தேர்வாகவே நினைத்துக்கொள்கிறது, நம் ஊர்ப் பெற்றோரின் குழப்பம் தொடங்கும் இடம் அதுதான். 2019இல் சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பத்து லட்சம் டாலர் பரிசை வென்றபின் குழப்பம் இன்னும் கூடிவிட்டது. அது திறமையான சிறுவனுக்குக் கிடைத்த பெரிய பரிசு, சந்தேகமில்லை. ஆனால் பல்வகைத் திறன்களுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கும் இங்கே பேசப்போகும் கச்சேரி உலகத்துக்கும் சம்பந்தம் குறைவு.

நமக்கு நெருக்கமான ஒரு விருதை வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். மிருதங்க வித்வான் வேலூர் ஜி. ராமபத்ரனுக்குச் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி பட்டம் 2004இல் கிடைத்தபோது அவருக்கு வயது 75. அதற்கு முன் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவர் பெரிய பாடகர்களுக்கெல்லாம் வாசித்துவிட்டிருந்தார். பட்டம் வந்ததால் அவருக்குக் கச்சேரி வரவில்லை, கச்சேரிகள் வந்ததால் பட்டம் வந்தது. மேற்கத்திய பியானோ உலகில் வரிசை தலைகீழ். தென்கொரியாவின் யுன்சான் லிம் 2022 ஜூனில் டெக்சாஸ் மாநிலத்து ஃபோர்ட் வொர்த் நகரில் வான் கிளைபர்ன் போட்டியை வென்றபோது அவருக்கு வயது 18. அந்தப் போட்டியின் வரலாற்றில் அவரே இளையவர். அவர் இறுதிச் சுற்றில் வாசித்த ரக்மானினோவின் மூன்றாம் கான்செர்ட்டோவை (ஆர்க்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிக்கும் நீண்ட படைப்பு) யூடியூபில் ஒரு கோடிக்கும் மேலான முறை பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் உலகின் பெரிய மண்டபங்களில் அவருக்குத் தேதி கிடைத்தது. நம்மூரில் பட்டம் பயணத்தின் முடிவில் போர்த்தும் சால்வை. அங்கே அது பயணச்சீட்டு.

ஏன் அப்படி ஆயிற்று என்பதற்குச் சந்தைக் காரணம் உண்டு. பியானோ கலைஞர்கள் வாசிப்பவை பெரும்பாலும் ஒரே நூறு, நூற்றைம்பது படைப்புகள்: பேத்தோவனின் 32 சொனாட்டாக்கள், ஷோப்பானின் எட்யூடுகள் எனும் பயிற்சிப் படைப்புகள், சைகோவ்ஸ்கியின் முதல் கான்செர்ட்டோ. ராகமும் கற்பனை ஸ்வரமும் போல இவரை அவரிலிருந்து உடனே பிரித்துக்காட்டும் மனோதர்மம் அங்கே மேலோட்டமாகத் தெரியாது. ஆண்டுதோறும் இசைப்பள்ளிகளிலிருந்து வெளிவரும் ஆயிரக்கணக்கான நல்ல விரல்களில் யாரை அழைப்பது என்று ஒரு சிறு நகரத்து ஆர்க்கெஸ்ட்ராவின் மேலாளருக்குத் தெரியாது. போட்டி அவருக்காக வடிகட்டித் தருகிறது. வான் கிளைபர்ன் போட்டியில் முதல் பரிசு 1,00,000 டாலர் என்றாலும், வென்றவர்கள் பெரிதாகச் சொல்வது அத்துடன் வரும் மூன்றாண்டுக் கச்சேரி ஏற்பாட்டைத்தான். இங்கிலாந்தின் லீட்ஸ் போட்டியிலும் அப்படியே. டிசம்பர் சீசனில் மதியம் பன்னிரண்டு மணி ஸ்லாட்டிலிருந்து மாலை ஸ்லாட்டுக்கு ஏறப் பத்தாண்டு காத்திருக்கும் நம் இளம் பாடகர்கள், ஒரே ராத்திரியில் மாலை ஸ்லாட்டுக்குத் தாவும் ஏணி இருந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப்பார்க்கலாம்.

இந்த ஏணி நேற்றுப் போட்டதல்ல. ருஷ்யக் கலைஞர் அன்டோன் ரூபின்ஸ்டைன் பெயரில் 1890இல் தொடங்கிய போட்டி ஐந்தாண்டுக்கு ஒரு முறை நடந்தது. 1905இல் பாரிசில் நடந்தபோது பியானோ பரிசை வில்ஹெல்ம் பாக்ஹவுஸ் பெற, இரண்டாம் இடத்தோடு மனம் நொந்து திரும்பியவர், பின்னாளில் பெரிய இசையமைப்பாளரான பேலா பார்த்தோக். போலந்தின் வார்சாவில் ஷோப்பான் போட்டி 1927இல் தொடங்கியது. ஷோப்பானின் படைப்புகளை மட்டுமே வாசிக்க வேண்டிய, ஐந்தாண்டுக்கு ஒரு முறை வரும் போட்டி அது. முதல் பரிசு லேவ் ஒபோரினுக்கு. அதே ஆண்டு கௌரவச் சான்றிதழோடு ஊர் திரும்பிய இன்னோர் இளைஞர், பின்னாளில் பெரிய இசையமைப்பாளரான திமித்ரி ஷோஸ்தகோவிச். மாஸ்கோவின் சைகோவ்ஸ்கி போட்டி 1958இல் தொடங்கியபோது பனிப்போர் உச்சத்தில் இருந்தது. 23 வயது அமெரிக்கர் வான் கிளைபர்ன் (மேலே சொன்ன டெக்சாஸ் போட்டி இவர் பெயரில்தான்) வென்றார், நியூயார்க் வீதியில் அவருக்குக் காகிதப் பூமழை ஊர்வலம் நடந்தது, அவருடைய சைகோவ்ஸ்கி இசைத்தட்டு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அதே மாஸ்கோ போட்டியை, உக்ரைன் போருக்குப் பின், 2022 ஏப்ரலில் சர்வதேச இசைப் போட்டிகளின் கூட்டமைப்பு தன் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியது. பரிசின் எடையில் அரசியலும் ஒரு பங்கு என்பதற்கு இதைவிடத் துலக்கமான சாட்சி வேண்டியதில்லை.

நடுவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பது பலருக்கும் புதிராகவே இருக்கிறது. நடுவர்களின் எண்ணிக்கை போட்டிக்குப் போட்டி மாறும்; வார்சாவில் அண்மைக் காலமாகப் பதினேழு பேர். அநேகமாக எல்லோருமே பியானோ கலைஞர்கள் அல்லது ஆசிரியர்கள். தம் மாணவர் வாசித்தால் அந்த நடுவர் மதிப்பெண் போடக் கூடாது. ஒவ்வொருவரும் எண்ணாக ஒரு மதிப்பும், அடுத்த சுற்றுக்குப் போகலாமா என்பதற்கு ஆம், இல்லை என்று ஒரு வாக்கும் தருவது வார்சாவில் 2021இல் இருந்த முறை. எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி பார்ப்பார்கள். சராசரியிலிருந்து மிகவும் விலகிய எண்ணை அருகே இழுத்துத் திருத்தும் விதியும் உண்டு. காகிதத்தில் இது நீதியாகத் தெரிகிறது. ஆனால் சராசரிக்கு ஒரு குணம் இருக்கிறது: பாதிப் பேர் கொண்டாடி, மீதிப் பேர் முகம் சுளிக்கும் வாசிப்பைவிட, எல்லோரும் ‘பரவாயில்லை, நன்றாகவே இருந்தது’ என்று தலையாட்டும் வாசிப்பே கணக்கில் மேலே வரும். என்னைக் கேட்டால், பியானோ போட்டிகளைப் பற்றிய எல்லாச் சண்டைகளுக்கும் வேர் இந்த ஒரு கூட்டல் வகுத்தலில் இருக்கிறது.

1980இல் வார்சாவில் நடந்தது அதற்கு எடுத்துக்காட்டு. யுகோஸ்லாவியாவிலிருந்து வந்த ஈவோ போகோரெலிச் ஷோப்பானைத் தம் போக்கில் வளைத்து வாசித்தார். நடுவர்களில் சிலர் உச்சத்தில் வைத்தனர், சிலர் தரையில் போட்டனர். இறுதிச் சுற்றுக்கு முன்பே அவர் வெளியேற்றப்பட்டார். 1965இல் அதே போட்டியை வென்று நடுவராக வந்திருந்த மார்த்தா ஆர்கெரிச், அவர் ஒரு மேதை என்று சொல்லிவிட்டு நடுவர் குழுவிலிருந்து விலகினார். அந்த ஆண்டு முதல் பரிசு வியட்நாமின் தாங் தாய் சோனுக்கு. போட்டியை வென்ற முதல் ஆசியர் அவர். ஆனால் செய்தியானவர் போகோரெலிச். டாய்ச் கிராமஃபோன் இசைத்தட்டு நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது, தோற்ற சூட்டிலேயே அவருக்கு உலகப் புகழ் வந்துவிட்டது. நல்ல கலைஞரான தாங் தாய் சோன் தம் வெற்றியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தோற்றவரின் பெயரையும் கேட்க வேண்டி வந்தது கொடுமைதான்.

2015இல் வார்சாவில் மதிப்பெண்களை வெளியிட்டார்கள். முதல் பரிசு பெற்ற தென்கொரியர் சோங்-ஜின் சோவுக்கு இறுதிச் சுற்றில் பெரும்பாலோர் 9, 10 என்று போட்டிருக்க, பிரெஞ்சு நடுவர் பிலிப் ஆந்த்ரெமோன் 10க்கு 1 போட்டிருந்தார். நம் கீபோர்டு வகுப்புச் சுவரில் அப்படி ஒரு மதிப்பெண் தாள் தொங்கினால் வீட்டில் கலவரமாகும்.

வார்சாவில் வேறொரு வழக்கமும் உண்டு: தகுதியானவர் இல்லை என்று தோன்றினால் முதல் பரிசையே தராமல் விட்டுவிடுவது. 1990இலும் 1995இலும் அப்படியே செய்தார்கள். 1985இல் ஸ்தனிஸ்லாவ் பூனின் வென்றபிறகு 2000இல் சீனாவின் லி யுந்தி வரும்வரை பதினைந்து ஆண்டு அந்த ஆசனம் காலியாகவே இருந்தது. மூலவர் இல்லாமல் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்து 1981இல்தான் ஜலகண்டேஸ்வரரைப் பிரதிஷ்டை செய்துகொண்ட கோட்டைக் கோயிலைப் பார்த்து வளர்ந்த வேலூர்க்காரர்களுக்கு, காலியான கருவறைக்கும் ஒரு மரியாதை உண்டு என்பது புதிதாக இருக்காது. இதற்கு நேர் எதிராக 1932இல் இருவருக்குச் சமமாகப் புள்ளி வந்தபோது, நாணயத்தைச் சுண்டிவிட்டு அலெக்சாந்தர் உனின்ஸ்கிக்கு முதல் இடத்தையும் பார்வையற்ற ஹங்கேரியக் கலைஞர் இம்ரே உங்காருக்கு இரண்டாம் இடத்தையும் கொடுத்தார்கள்.

நாணயம் சுண்டுவது வெளிப்படையான அதிர்ஷ்டம். கண்ணுக்குத் தெரியாத அதிர்ஷ்டம் ஒன்றைப் பொருளியலாளர்கள் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் கண்டுபிடித்தார்கள். அங்கே எலிசபெத் அரசியார் போட்டியில் இறுதிக்கு வரும் பன்னிரண்டு பேர் ஆறு மாலைகளில், மாலைக்கு இருவராக வாசிக்கிறார்கள்; யார் எந்த நாள் என்பது சீட்டுக் குலுக்கலில் முடிவாகிறது. அத்தனை பேரும் அந்தப் போட்டிக்கென்றே எழுதப்பட்ட, அதுவரை யாரும் கேட்டிராத ஒரு புது கான்செர்ட்டோவையும், ஒரு வாரம் வெளித்தொடர்பின்றி அடைந்து கிடந்து பயின்று, வாசித்தாக வேண்டும். விக்டர் கின்ஸ்பர்க், யான் வான் ஊர்ஸ் ஆகிய இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வின்படி, முதல் நாளில் வாசிப்பவர்கள் பட்டியலில் கீழே போகும் வாய்ப்பு அதிகம். நடுவர்களின் காதுக்கே அந்தப் புதுப் படைப்பு முதல் நாள் பழகியிருப்பதில்லை என்பது சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. ஆய்வின் மறுபாதி இன்னும் உறுத்தக்கூடியது: சீட்டுக் குலுக்கலின் தயவால் மேலே வந்தவர்களுக்கும் பிற்காலத்தில் இசைத்தட்டுகளும் விமர்சகர்களின் நல்ல வார்த்தையும் கூடுதலாகவே கிடைத்தன. அதாவது தரத்தால் இடம் கிடைப்பது ஒரு பாதி என்றால், இடம் கிடைத்ததாலேயே தரம் ஏற்கப்படுவது மறுபாதி.

அப்படியானால் பின்வரிசையில் நின்றவர்கள் மறைந்துபோனார்களா என்றால், இல்லை. பிரஸ்ஸல்ஸில் 1938இல் எமில் கிலெல்ஸ் வென்றபோது ஏழாவதாக வந்தவர் ஆர்துரோ பெனெதெத்தி மிக்கேலாஞ்சலி; மறு ஆண்டு ஜெனீவாவில் வென்றார், பிறகு நூற்றாண்டின் பெரும் பெயர்களில் ஒருவரானார். 1955இல் அவரே வார்சாவில் நடுவராக அமர்ந்து, விளாதிமிர் அஷ்கெனாசிக்கு இரண்டாம் இடம் கொடுத்ததை எதிர்த்து முடிவில் கையெழுத்திட மறுத்தார். ஏழாம் இடத்தின் ருசி அறிந்தவருக்கு அந்தக் கோபம் வருவது இயற்கை. ஆல்ஃபிரெட் பிரெண்டெல் 1949இல் இத்தாலியின் பூசோனி போட்டியில் நான்காவது. மிட்சுகோ உசிதா 1970இல் வார்சாவிலும் 1975இல் லீட்ஸிலும் இரண்டாவது. அதே 1975 லீட்ஸில் ஆந்த்ராஷ் ஷிஃப் மூன்றாவது. இன்று பேத்தோவன், ஷூபர்ட் என்றால் ரசிகர்கள் சொல்லும் பெயர்கள் இவை. 2015இல் வார்சாவில் நான்காவதாக வந்த எரிக் லூ 2018இல் லீட்ஸை வென்றார், அதோடு நிற்காமல் 2025இல் மறுபடி வார்சாவுக்குப் போய் முதல் பரிசைப் பெற்றார். லீட்ஸ் பரிசு கையில் இருப்பவர் எதற்காக மறுபடி நடுவர்கள்முன் போய் நிற்க வேண்டும் என்று கேட்கலாம். பயணச்சீட்டுக்கும் காலாவதித் தேதி உண்டு என்பதுதான் அதன் விளக்கம்.

இங்கே விமர்சகர்கள் வருகிறார்கள். நடுவர் குழு அன்றிரவே முடிவு சொல்லியாக வேண்டும். விமர்சகருக்கு இருபது ஆண்டுகூட அவகாசம் உண்டு, தாம் எழுதியதை மாற்றிக்கொள்ளவும் இடமுண்டு. கர்நாடக இசையில் ‘கர்நாடகம்’ என்ற பெயரில் கல்கி எழுதிய காலத்திலிருந்து, கத்தி போன்ற பேனாவால் வித்வான்களை நடுங்கவைத்த சுப்புடு காலம் வரை நமக்கு இந்த வர்க்கம் பழக்கமானதே. பியானோ உலகில் அதன் வேலை தொடக்கத்தில் இன்னும் பெரிது: 1831இல் ராபர்ட் ஷூமன், அதிகம் அறியப்படாத ஷோப்பானை, தொப்பியைக் கழற்றி வணங்க வேண்டிய மேதை என்று ஒரு பத்திரிகையில் அறிவித்தார். 1955 ஜனவரியில் கனடாவின் 22 வயது கிளென் கூல்ட் வாஷிங்டனில் வாசித்தபோது, எந்த வயதிலும் இவரைப் போன்ற பியானோ கலைஞரை அறியோம் என்று பால் ஹியூம் வாஷிங்டன் போஸ்ட்டில் எழுதினார். அடுத்த வாரம் நியூயார்க் கச்சேரிக்கு மறுநாளே கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் ஒப்பந்தத்தை நீட்டியது. சர்வதேசப் போட்டி எதையும் அவர் எட்டிப் பார்க்கவில்லை. 2015 மாஸ்கோவில் நான்காம் பரிசு பெற்ற பிரெஞ்சுக்காரர் லூக்கா தெபார்குக்கு மாஸ்கோ இசை விமர்சகர் சங்கம் தனிப் பரிசு கொடுத்தது. முதலிடம் பெற்றவரைவிட அவரைப் பற்றியே அதிகம் பேசினார்கள்.

விமர்சகர் என்றால் தவறாதவர் என்று பொருளல்ல, அதை நிரூபித்தது ஜாய்ஸ் ஹாட்டோ விவகாரம். 1976க்குப் பின் மேடையேறாத இந்த ஆங்கிலேயப் பெண் கலைஞரின் பெயரில், அவர் கணவர் நடத்திய சிறு நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட இசைத்தட்டுகளை வெளியிட்டது. நோயோடு போராடியபடி, வீட்டுக்குள்ளிருந்தே கடினமான படைப்புகள் அத்தனையையும் பதிந்துவைத்த அதிசயம் என்று விமர்சகர்கள் உருகினார்கள். 2006இல் அவர் இறந்தார். 2007 பிப்ரவரியில் ஒரு ரசிகர், இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் லிஸ்ட்டின் படைப்புகளை அவர் வாசித்ததாக வந்த இசைத்தட்டைக் கணினியில் போட, பாடல்களை அடையாளம் காணும் தரவுத்தளம் அது லாஸ்லோ ஷிமோன் என்ற வேறொருவரின் பதிவு என்று திரையில் காட்டியது. இங்கிலாந்தின் இசைத்தட்டு விமர்சனப் பத்திரிகையான கிராமஃபோன் விஷயத்தை வெளியிட்டது, ஒன்றன்பின் ஒன்றாகத் திருட்டுப் பதிவுகள் அகப்பட்டன, கணவர் ஒப்புக்கொண்டார். எனக்கு இதில் உறைத்த பகுதி திருட்டு அல்ல. அதே விரல்களின் அதே ஓசை, ஷிமோன் என்ற பெயரில் வந்தபோது இவ்வளவு பேரை உருக்கவில்லை என்பதுதான். காது கேட்டது ஓசையை மட்டுமா, அட்டையில் இருந்த கதையையும் சேர்த்தா?

கண்ணும் இதில் பங்காளி. சியா-ஜுங் சாய் 2013இல் வெளியிட்ட ஆய்வில், உண்மையான சர்வதேசச் செவ்வியல் இசைப் போட்டிகளின் இறுதிச் சுற்றிலிருந்து வெட்டிய சில விநாடித் துண்டுகளைக் காட்டி வென்றவர் யார் என்று கேட்டபோது, ஒலியை மட்டும் கேட்டவர்களைவிட ஒலியில்லாமல் படத்தை மட்டும் பார்த்தவர்கள் சரியாகச் சொன்னார்கள். அதில் இசை வல்லுநர்களும் அடக்கம். இதைப் படித்த பிறகு வகுப்பில் பிள்ளைகள் யூடியூப் பார்க்கும்போது நான் கவனித்தேன்: தலை ஆடுகிறதா, கண் மூடுகிறதா என்றுதான் முதலில் பேசிக்கொள்கிறார்கள்.

இசைத்தட்டு விருதுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 1923இல் தொடங்கிய கிராமஃபோன் பத்திரிகை 1977 முதல் தருபவை, பிரான்சின் தியாபசோன் தோர், ஜெர்மன் விமர்சகர் பரிசு, அமெரிக்காவின் கிராமி ஆகியவையே முக்கியமானவை. இவற்றில் கிராமி இசைத்துறையினரின் வாக்கால் வருவது. மற்றவை விமர்சகர்களின் காதால். யுன்சான் லிம்மின் ஷோப்பான் எட்யூடுகள் 2024இல் கிராமஃபோனின் பியானோ விருதைப் பெற்றபோது, போட்டி தந்த சீட்டை விமர்சகர்கள் புதுப்பித்துக் கொடுத்தார்கள் என்று சொல்லலாம்.

காட்பாடி வகுப்பில் இருப்பவை 61 கட்டை கொண்ட மின்சாரக் கீபோர்டுகள். கச்சேரிப் பியானோவில் 88 கட்டைகள், பெட்டியின் நீளம் ஏறத்தாழ 9 அடி, ஒவ்வொரு கட்டைக்கும் விரல் உணரும் எடை உண்டு. வட ஆற்காட்டில் மிஷன் காலத்து நிமிர்ந்த பியானோ ஒன்றை நான் தொட்டிருக்கிறேன்: அக்கினி நட்சத்திர வெயிலில் பலகை உலர்ந்து சுருதி இறங்கிவிடும், ஐப்பசி மழையில் கட்டைகள் ஊறி, அழுத்தினால் மேலே வராமல் அப்படியே நிற்கும். ட்யூனர் சென்னையிலிருந்து வர வேண்டும். மேலே சொன்ன விருதுகளுக்கும் இந்த ஊருக்கும் உள்ள தூரத்தில் பாதி, அந்த மரப்பெட்டிக்கும் இந்தக் கீபோர்டுக்கும் உள்ள தூரம்தான்.

விண்ணப்பமே இல்லாத விருது ஒன்றும் உண்டு. மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் இயங்கும் கில்மோர் அமைப்பு நான்காண்டுக்கு ஒரு முறை ஒரு பியானோ கலைஞருக்கு 3,00,000 டாலர் தருகிறது. பரிசீலனையில் இருப்பது அவருக்கே தெரியாது. நடுவர்கள் பெயர் சொல்லாமல் டிக்கெட் எடுத்துக் கூட்டத்தோடு கூட்டமாக அமர்ந்து, பல கச்சேரிகளைக் கேட்டு முடிவு செய்கிறார்கள். 2002இல் அதைப் பெற்றவர் போலந்தின் பியோத்ர் ஆந்தெர்ஷெவ்ஸ்கி. 1990இல் 21 வயதில் அவர் லீட்ஸ் போட்டியின் அரையிறுதியில் பேத்தோவனின் தியாபெல்லி வேரியேஷன்களை வாசித்து அரங்கையே கட்டிப்போட்டவர். அடுத்துத் தொடங்கிய, வெபெர்ன் என்ற இசையமைப்பாளரின் படைப்பு தம் மனதுக்குத் திருப்தியாக வரவில்லை என்று, பாதியிலேயே எழுந்து மேடையைவிட்டுப் போய்விட்டார். சில மாதங்களில் லண்டன் விக்மோர் மண்டபத்தில் அவருடைய முதல் கச்சேரி நடந்தது.

ஏழாம் கிரேடு பையனின் தந்தையிடம் அடுத்த சனிக்கிழமை இந்தக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், சான்றிதழ் உறையை மடக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே கேட்டார்: “பாதியில எழுந்து போனாரே, அப்ப அந்த லீட்ஸ்காரங்க கலந்துகிட்டதுக்கு ஒரு சர்டிபிகேட்கூடவா குடுக்கல?”